கொக்குக்கு வைத்திருந்த படம்

மேனுகாவைத் தெரியாதவர்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இல்லை. வெல்லாவெளியில் மருத்துவமாது வேலை. சண்டைக் காலத்தில் பட்டிருப்புப் பாலத்தின் இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம். இரண்டு பக்கத்துக்கும் தன் பையைத் திறந்து காட்டிவிட்டு, இரண்டு பக்கத்தையும் வாய் நிறையத் திட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் போவாள் என்று அவளுக்குப் பேர். ஷெல் விழுகிற நேரத்தில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளை எடுத்தவள் என்றும் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு கமரா வாங்க வந்து என் கடையில் நின்று நடுங்கினாள். அதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதற்காகப் பயமே இல்லாதவன் என்றும் சொல்லமாட்டேன். இரண்டும் வேறு வேறு விஷயம்.

என் பெயர் மர்சூக். காத்தான்குடி மெயின் வீதியில் கமராக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஃபிலிம் றோல் கழுவிப் படம் அடித்துக் கொடுத்தேன். சண்டை முடிந்தபிறகு டுபாய், கட்டார் என்று போய் வருகிறவர்கள் கொண்டுவரும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் கமராக்களை வாங்கித் துடைத்து விற்கிறேன். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை மெகாபிக்சல் என்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பதில் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது, சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாயிரத்துப் பத்து தை மாதம், ஒரு மழை நாள் மத்தியானம் மேனுகா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி நீரை உதறிவிட்டு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"காக்கா, எங்கட அத்தானுக்கு ஒரு கமரா வேணும். எனக்கு அதப்பத்தி ஒண்டும் தெரியா. நீங்கதான் பார்த்துத் தரணும்."

எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். பக்கத்து ஆரையம்பதிக்காரர்களும் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அத்தான் படம் எடுக்கிறவரா, இல்ல கழுத்தில மாட்டிக்கிட்டுத் திரியிறவரா?" என்று கேட்டேன். ஆளைப் பார்த்துச் சாமான் கொடுப்பதற்காக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவள் சிரிக்கவில்லை. "எடுத்தவர். இப்ப அஞ்சு வருசமாத் தொடுறல்ல."

அத்தானின் பெயர் உதயரூபன். அவளுடைய அக்காவின் புருஷன். ஆரையம்பதியில் சங்கக் கடையில் கிளார்க். கையால் திருகி ஃபோகஸ் பண்ணுகிற பழைய ஃபிலிம் கமரா ஒன்று வைத்திருந்தாராம். விடிந்தாலும் வாவிக்கரை, பொழுதுபட்டாலும் வாவிக்கரை. ஒரு மீன்கொத்திக்காக அரை நாள் சேற்றில் குப்புறப் படுத்திருப்பாராம். ஒருமுறை கொக்கைப் படம் எடுக்கப் போய், பாலத்தை எடுத்தாய் என்று ஆமிக்காரன் பிடித்து, றோலை வெளியே இழுத்து வெயிலில் காட்டிவிட்டானாம். அதற்கு அந்த மனுஷன் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். அடி விழுந்ததற்கு அல்ல, கொக்கு போனதற்கு.

கேட்கக் கேட்க எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. இப்படிப்பட்ட ஆர்வக்காரனுக்குக் கமரா வாங்கிக் கொடுப்பது சும்மா விஷயம் இல்லை. பொத்தான் நிறைய உள்ளதாகப் பார்த்துக் கொடுத்தால் மூன்று நாள் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுவான். அவன் கை எதைப் பழகியதோ அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எடை தெரிய வேண்டும், கண் வைக்கிற துளை பெரிதாக இருக்க வேண்டும். புதிதாகப் படிக்க வைக்கிற பொருள் பரிசு ஆகாது. இதையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டே மூன்று கமராக்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நீங்களே பாருங்க தங்கச்சி, எப்பிடி விழுது எண்டு" என்று முதலாவதை எடுத்து அவளுக்கு நேரே பிடித்து அமுக்கினேன்.

திரையில் பார்த்தால் அவள் முகம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலக் கலங்கியிருந்தது. ஆனால் அவளுக்கு இடது பக்கம், கண்ணாடி அலுமாரியின் ஓரத்தில் ஆள் இல்லாத இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அங்கே தூசு பறப்பதுகூடத் தெரிந்தது.

கண்ணாடி மினுக்கத்தில் கமரா ஏமாந்திருக்கும். அது நடக்கிற விஷயம். மறுபடி அமுக்கினேன். அதேதான். லென்ஸை மாற்றினேன். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இரண்டாவது கமராவை எடுத்தேன். அதுவும் இடது பக்கம். மூன்றாவதில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடியது. அவள் முகத்தைக் கடந்து போனது, திரும்பி வந்தது, மறுபடி கடந்தது. கடைசியில் பீப் என்று ஒரு சத்தம். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். படத்தைப் பார்த்தேன். இடது பக்கம், அதே வெற்றிடம்.

மூன்று கமரா, மூன்று நாட்டிலிருந்து மூன்று பேர் கொண்டுவந்தவை. எனக்கு எரிச்சல் வந்தது. மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் காக்கா" என்றாள் மேனுகா. கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன, விரல்கள் நடுங்கின. "இது முதல் தரம் இல்ல. ஐடென்டி கார்டுக்குக் குடுத்த படம் ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒண்டில கண் மூடி, மற்றதில முகமே தெளிவில்ல. ஆஸ்பத்திரியில எல்லாரும் சேந்து எடுத்த படத்தில எனக்கு முன்னால ஆரோ தலைய நீட்டிட்டாங்க. ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. படத்தில என்ட பங்கு முடிஞ்சு போச்சு."

"என்ன தங்கச்சி விசர்க் கத கதைக்கிறீங்க?"

அப்போதுதான் சொன்னாள்.

அக்கா கம்சாயினியை இரண்டாயிரத்து நான்கு மார்கழி இருபத்தாறில் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. வீடு கடற்கரைப் பக்கம், அத்திவாரம் மட்டும் மிச்சம். மேனுகா அன்றைக்கு வெல்லாவெளியில் ஒரு பிரசவத்துக்கு நின்றாள், உதயரூபன் கமராவை வீட்டில் வைத்துவிட்டு, பறவை வந்திருக்கிறதா என்று பார்க்க வாவிக்கரையில் நின்றார். அதனால் இரண்டு பேரும் தப்பினார்கள். முப்பத்தோராம் நாளுக்குப் படம் வைக்க வேண்டும், மாலை போட வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். படம் எங்கே? கலியாண அல்பம், பள்ளிக்கூடப் படம், கமரா எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. படம் எடுக்கிறவன் வீட்டில் பெண்சாதியின் படம் ஒன்று மிஞ்சவில்லை. தேடிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிய வந்தது. கலியாணத்துக்குப் பிறகு அந்த மனுஷன் அவளை ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. எடுத்ததெல்லாம் கொக்கும் நாரையும் தண்ணீரும்தான்.

அந்த வருடம் கரையோர ஊர்களில் பல வீட்டில் நடந்தது இந்த வீட்டிலும் நடந்தது. முகச்சாடை உள்ள ஆளை உட்கார வைத்துப் படம் எடுப்பது. தம்பிக்கு அண்ணன் உட்கார்ந்தான், மகளுக்குத் தாய் உட்கார்ந்தாள். நானே அப்படி ஏழெட்டுப் படம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். கம்சாயினிக்கு மேனுகா உட்கார்ந்தாள். இரவல் வாங்கிய அக்காவின் சேலை ஒன்று வெல்லாவெளி அறையில் கிடந்தது, அதையே உடுத்தாள். அக்காவைப் போலத் தலை வாரினாள். அக்காவுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம், அதை மைப்பென்சிலால் வைத்தாள்.

"எந்தக் கன்னம் எண்டு ஒரு பிரச்சின வந்தது" என்றாள். "அம்மா தன்ட கன்னத்தத் தொட்டு இந்தப் பக்கம் எண்டா. நான் அம்மாக்கு முன்னால நிண்டு இடது கன்னத்தில வச்சன். சரியா அத்தான் எண்டு கேட்டன். அத்தான் கமராவக் கையில வச்சுக்கிட்டு என்னப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு ஓம் எண்டார். படத்த எடுத்தார். இரவல் கமராவக் குடுத்திட்டு வந்தவர், அதுக்குப் பிறகு தொடவே இல்ல. ஏன் எண்டு கேட்டா, நான் ஒண்டையும் பாக்காத ஆள் எண்டு ஒரே ஒரு பதில்தான்."

அந்தப் படம் ஐந்து வருடமாக ஆரையம்பதி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை மாற்றி விளக்கு வைக்கிறது மேனுகாதான். தாய் கடைசிக் காலத்தில் சுவரில் இருப்பவளை மேனுகா என்றும், விளக்கு வைப்பவளைக் கம்சாயினி என்றும் கூப்பிடத் தொடங்கிவிட்டாளாம். அப்படியே கூப்பிட்டுச் செத்தும் போனாள்.

"வாற ஆவணியில எனக்கும் அத்தானுக்கும் கலியாண எழுத்து. ரெண்டு பக்கத்து ஆக்களும் கேட்டாங்க, எனக்கும் சம்மதம். ஆனா காக்கா, சுவரில என்ட முகத்துக்கு ஒரு மாலையப் போட்டுக்கிட்டு இன்னொரு மாலைக்கு நான் கழுத்த நீட்டமாட்டன். எண்டைக்கு அந்தப் படத்தில இருந்தனோ அண்டைக்கே நான் அக்காவோட சேந்து போய்ச் சேந்துட்டன் எண்டுதான் மனசு சொல்லுது. அத்தான்ட கையில நல்ல கமரா ஒண்டக் குடுத்து, என்ன நானா ஒரு படம் எடுக்கச் சொல்லணும். ஒரேயொரு படம். அதில நான் விழுந்தனெண்டாச் சரி. விழாட்டி எழுத்து வேணாம்."

எனக்கு அவள்மேல் பாவமும் இருந்தது, அதோடு இன்னொன்றும் இருந்தது. அவள் நின்ற இடத்தையும் அந்த வெற்றிடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்த முகத்தை இதே மேசைக்கு முன்னால், இதே மாதிரிக் கமராத் துளைக்குள்ளால் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்று பட்டது. மேனுகா என் கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"அடுத்த சனி வாங்க. நான் யோசிச்சு ஒண்டு எடுத்து வைக்கிறன்" என்று அனுப்பிவிட்டேன். வாய் அப்படிச் சொன்னது. கண் மேல் தட்டில் இருந்த பெட்டிக்குப் போனதை அவள் கவனிக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என்னிடம் றோல் கொடுத்துவிட்டுப் போய், பிறகு எடுக்க வராதவர்களின் கவர்கள் அதற்குள் இருந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. படமும் நெகட்டிவும் உள்ளே, மேலே என் கையெழுத்தில் பெயரும் ஊரும். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். கொடுக்கவில்லை. ஆட்கள் முகாமுக்கு முகாம் சிதறிக் கிடந்தார்கள் என்று முதலில் சாட்டுச் சொன்னேன். பிறகு சண்டை, பாதை பூட்டு என்று இன்னொரு சாட்டு. உண்மை என்னவென்றால் அதற்குள் என் தங்கச்சி ஸில்மியாவின் கவரும் இருந்தது. அவளையும் மூன்று வயது மகனையும் பாலமுனைக் கரையில் எடுத்து அடக்கினோம்.

இன்னொரு விஷயம், அதுதான் என்னைப் பயப்படுத்தியது. சிலர் றோலைக் கழற்றத் தெரியாமல் கமராவோடு கொண்டுவருவார்கள். ஒன்றிரண்டு படம் மிச்சம் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய றோலில் ஒரு படம்கூட வீணாகப் போகக் கூடாது என்பது என் தொழில் பழக்கம். "கொஞ்சம் இஞ்சால நில்லுங்க, வெளிச்சம் விழட்டும்" என்று கண்ணாடி அலுமாரிப் பக்கம் நிற்கச் சொல்லி, கொண்டுவந்தவரையே ஒரு படம் அடித்து முடித்துவிட்டுத்தான் கழற்றுவேன். ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருக்கிற எத்தனையோ றோலின் கடைசிப் படம் ஒரே இடத்தில் எடுத்தது. என் மேசைக்கு முன்னால், இடது பக்கத்தில். செத்துப்போனவர்கள் ஒவ்வொருவராக அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாரி காலத்தில் ஈரத்துக்குக் கவர்கள் ஊதி, பெட்டியின் மூடி தானாக மேலே எழும்பும். ஒவ்வொரு வருடமும் அதன்மேல் ஏதாவது பாரம் தூக்கி வைப்பேன். ஈரம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்காரமாட்டேன்.

அடுத்த நாள் என் மனைவி ஸஹீதா மத்தியானச் சோறு கொண்டு வந்தாள். அவளை மேனுகா நின்ற இடத்தில் நிற்க வைத்து மூன்று கமராவாலும் அடித்துப் பார்த்தேன். மூன்றிலும் மூக்குத்தியின் கல் வரைக்கும் தெளிவு. ஒரு ஸ்டூலை வைத்து அடித்தேன். ஸ்டூலும் தெளிவு.

"என்ன, மொகமெல்லாம் வெளுத்துப் போயிரிக்கி?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் மேல் தட்டைப் பார்த்தாள். பாரத்துக்கு வைத்திருந்த கரண்ட் ஸ்டபிலைசர் ஒரு பக்கம் சரிந்து, மூடி இரண்டு விரல் அளவு திறந்திருந்தது.

"அந்தப் பெட்டியத் தொறங்க" என்றாள் ஸஹீதா. "அதுக்குப் பயந்து பயந்து நீங்க கடைக்குள்ள நடக்கிறத எத்தின வரிசமாப் பாக்கிறன். மௌத்தாப் போனவங்கட சாமான் அது. நம்பித் தந்த அமானிதத்த வச்சிக்கிட்டா நிம்மதி வருமா?"

பிஸ்மி சொல்லித் திறந்தேன். ஈர வாடை முகத்தில் அடித்தது. ஸில்மியாவின் கவர் மேலேயே இருந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஸஹீதாவின் கையில் கொடுத்துவிட்டேன். பத்துப் பதினைந்து தள்ளியதும் வந்தது. என் கையெழுத்து. கம்சாயினி, ஆரையம்பதி, திங்கள் தருவது.

உள்ளே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரித்தால் தோல் உரியும். நெகட்டிவ் மட்டும் பழுதில்லை. ரியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வாவி, வாவி, மீன் கூட்டுக் கம்பு, கம்பில் கொக்கு இல்லை, மறுபடி வெறும் கம்பு. கடைசிப் படத்தில் ஒரு பெண். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் நிறம். முடி வெள்ளை, முகம் கறுப்பு, சிரிக்கிற வாயில் பல்லெல்லாம் கறுப்பு. மேனுகாவின் முகம். அவள் நின்றது என் கண்ணாடி அலுமாரியின் இடது ஓரம், மூன்று கமராவும் பிடித்துப் பிடித்துக் காட்டிய அதே இடம்.

நெகட்டிவை மேசையில் வைத்துவிட்டு அந்த அலுமாரி ஓரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம், ஒரு பெண் கமராவைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். வாய் ஓயாமல் பேசினாள். "அவருக்குத் தெரியாமக் கொண்டு வந்திட்டன் காக்கா. ஒரு படத்தக் கொக்குக்கெண்டு மிச்சம் வச்சிரிக்கார். ரெண்டு கிழமையா அந்தக் கொக்கும் வருதில்ல, றோலும் கழுவுப்படுதில்ல. நீங்க அடிச்சு முடியுங்க. கொக்கெண்டு நினைச்சு என்னையே அடியுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அடித்தேன். கமராவைத் திருப்பிக் கொண்டுபோனாள், கமராவும் அவளோடு போனது. ஒரு நாள் பிந்தியிருந்தால் கமராவோடு அந்தப் படமும் போயிருக்கும்.

நெகட்டிவை மறுபடி பார்த்தேன். முகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதுதான் மச்சம். எந்தக் கன்னம்? நெகட்டிவை மறுபக்கம் பிடித்தால் இடம் வலம் மாறிவிடும், அதனால் ஓரத்தில் உள்ள இலக்கம் நேராக வாசிக்கிற மாதிரித் திருப்பிப் பிடித்தேன். முப்பத்தாறு என்று நேராகத் தெரிந்தது. மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. தாய் தன் வலது கன்னத்தைத் தொட்டிருக்கிறாள், எதிரே நின்ற மேனுகா கண்ணாடி பார்க்கிற மாதிரி இடதில் வைத்துவிட்டாள். ஓம் என்று சொன்னவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேனுகாவுக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு அத்தானையும் கூட்டிட்டு வாங்க."

"பரிசெண்டாச் சொல்லாமல்லவா குடுக்கணும்? கமரா எடுத்து வச்சிட்டீங்களா?"

"கமரா இரிக்கி. அதோட இன்னொண்டும் இரிக்கி. எனக்கு ஏசாம வாங்க."

அடுத்த நாள் இரண்டு பேரும் வந்தார்கள். மழை விட்டிருந்தது. உதயரூபன் மெலிந்த மனுஷன். கடை நிறையக் கமரா இருந்தும் ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெரிதாக அடித்து வைத்திருந்த படத்தை மேசையில் வைத்தேன். பக்கத்தில் நெகட்டிவை வைத்தேன். ஐந்து வருடமாக என் தட்டில் கிடந்தது, என் பிழை, மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். மேனுகாவுக்குத் திட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவள் திட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உதயரூபன் முதலில் நெகட்டிவைத்தான் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து வெறுங்கம்பு, வெறுங்கம்பு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கடைசிக்கு வந்தார்.

"இது நான் கொக்குக்கு வச்சிருந்த படம்" என்றார்.

கம்சாயினி சொன்னதைச் சொன்னேன், அவள் சொன்ன மாதிரியே. அதன் பிறகுதான் அவர் பெரிய படத்தைப் பார்த்தார். விரலால் அவளுடைய வலது கன்னத்தைத் தொட்டார். பிறகு மேசையில் தலையை வைத்து அழுதார். பத்துப் பதினைந்து பேர் போகிற வருகிற மெயின் வீதிக் கடையில், வெட்கம் பாராமல் அழுதார்.

"வலது" என்றார். "எனக்குத் தெரியாது மேனுகா. நீ கேட்டாய், எனக்குத் தெரியாது. நாலு வருசம் ஒரு வீட்டில இருந்தனான். சும்மா ஓம் எண்டு சொன்னனான்."

மேனுகா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தாள். பிறகு படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக் கனநேரம் பார்த்தாள்.

"அப்ப சுவரில இருக்கிறது அக்கா இல்ல" என்றாள். "அக்காவுக்கு இடது கன்னத்தில ஒண்டும் இல்ல. அது ஆரும் இல்ல. பென்சில் புள்ளி வச்ச நான்." தன் இடது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள், ஐந்து வருடத்து மை இன்னும் இருப்பது போல.

நான் கமராவை எடுத்தேன். புதுசு அல்ல, கட்டாரிலிருந்து வந்த கொஞ்சம் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். எடையான உடம்பு, கண் வைக்கிற துளை பெரிது. அதில் என் சொந்தப் பழைய லென்ஸ் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். ஃபோகஸ் தானாகப் பிடிக்காது, கையால்தான் திருக வேண்டும். மேனுகாவுக்குச் சொன்னேன்: "தங்கச்சி, மூணு மிசினுக்கும் உங்களக் கண்டுபிடிக்க ஏலாமப் போயிட்டு. மனிசன்தான் தேடிப் பிடிக்கணும். இதுதான் இவருக்குச் சரியான கமரா."

அவள் அதை வாங்கி இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். "அத்தான், இது உங்களுக்கு. என்ன ஒரு படம் எடுங்க. என்ன."

அவர் வாங்கினார். எடையைக் கையில் வைத்துப் பார்த்தார். கண்ணைத் துளையில் வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. மேனுகா மேசைக்கு முன்னால், முன்பு நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். இடது பக்கத்தை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடி அலுமாரி, அதற்குள் நான்கு லென்ஸ், ரியூப் லைட் வெளிச்சம்.

உதயரூபன் வளையத்தைத் திருகினார். மெதுவாக அந்தப் பக்கம், மெதுவாக இந்தப் பக்கம். கொக்குக்கு அரை நாள் காத்திருந்த மனுஷன், அவசரமே இல்லை. வீதியில் போன பஸ்ஸின் சத்தம்கூடத் தூரத்தில் கேட்டது போல இருந்தது. என் கழுத்துப் பின்னால் குளிர்ந்தது. வியர்வை என்றுதான் நினைத்தேன்.

"பிடிபடுதில்லையா அத்தான்?" மேனுகாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"பொறு" என்றார். கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். விரல் நின்றது.

"மேனுகா, உனக்கு இடது புருவத்தில ஒரு வெட்டுக்காயம் இருக்கு."

அவள் கை புருவத்துக்குப் போனது.

"நான் இவ்வளவு நாளும் காணல்ல. எப்பிடி வந்தது?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, பஸ்ஸுக்குள் யாரோ தோளால் இடித்தது போல அவள் உடம்பு ஒருமுறை அசைந்து அரை அடி இடது பக்கம் போய் நின்றது. நேரே வெளிச்சத்துக்குள். தடுமாறியதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளிக்.

உதயரூபன் திரையைப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். கண் இரண்டும் திறந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, புருவத்துக் காயம் வரைக்கும் தெளிவாக அவள் விழுந்திருந்தாள். கன்னம் இரண்டும் வெறுமை. அவள் ஓடிவந்து பார்த்தாள். இரண்டு தரம், மூன்று தரம் பார்த்தாள். விரலால் திரையைத் தொட்டுத் தன் முகத்தையும் தொட்டுக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள்.

"எப்பிடிக் காயம் வந்தது எண்டு சொல்லல்ல" என்றார் உதயரூபன்.

மேனுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் நின்ற இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா தள்ளி விட்டவ" என்றாள்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.